காத்தாயிக்கு வயது அறுபது என்று போடவும்

கொன்னைவயல் முகாம்,
வல்லத்திராக்கோட்டை வழி,
விஷு வருஷம் மார்கழி 18.

தாய்மாமனும் பத்திரிகாசிரியருமான மாமா அவர்களுக்கு, மருமகன் ரெங்கராஜ் வணங்கி எழுதுவது.

இங்கே நான் சுகம். கண்மாயில் பதினோரு அடி தண்ணீர் இருக்கிறது, அதுவும் சுகம். தாங்களும் அத்தையும் அச்சு எந்திரமும் நலமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மூன்றில் எது படுத்தாலும் மற்ற இரண்டும் தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும்.

மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் மலரில் தாங்கள் போடுகிற ‘தொண்ணூறு கண்ட பெருமக்கள்’ பகுதியில் எனக்காக ஒரு பொய் அச்சாக வேண்டும். ‘கொன்னைவயல் மருத்துவச்சி காத்தாயி அம்மாள், வயது அறுபது’ என்று. அறுபது வயதுக்காரிக்குத் தொண்ணூறு கண்டவர்கள் நடுவே என்ன வேலை என்று கேட்பீர்கள். ஓரமாகப் போடுங்கள். ‘பக்கத்தில் நிற்பவர்’ என்று போடுங்கள். அறுபது என்ற எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். அவளுக்கு உண்மையில் தொண்ணூற்றாறு. அதைக் கண்டுபிடித்தவன் நான்தான், கண்டுபிடிக்கச் சொன்னவர் நீங்கள்தான். கண்டுபிடித்த நாளிலிருந்து இந்த ஊரில் ஒரு வீட்டிலும் அவளைப் பிரசவத்துக்குக் கூப்பிடுவதில்லை. நான் தங்கியிருக்கிற வீட்டு அழகம்மாள் முதல் ஆளாக நிறுத்திவிட்டாள். அவள் மருமகள் செங்கமலத்துக்குத் தை பிறந்ததும் பேறுகாலம். அழகம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனாலேயே அச்சில் வந்தது என்றால் அப்படியே நம்புவாள். மலர் வந்ததும் நான் வாசித்துக் காட்டுவேன், கிழவிக்குப் பழைய வேலை திரும்பிவிடும். நூறடிக்குக் கால் அங்குலம் பிசகினால் முதலிலிருந்து அளக்கிற ஓவர்சியர் நான். அப்படிப்பட்டவன் முப்பத்தாறு வருஷத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்றால் எவ்வளவு அகப்பட்டுக்கொண்டிருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் கார்த்திகை மாதம் வந்த உங்கள் கடிதத்தால் வந்தது. புதுக்கோட்டைச் சீமையில் தொண்ணூறு தாண்டிய பெயர்பெற்றவர்கள் யார் யார் என்று பார்த்து, தக்க ஆதாரத்துடன் எழுது, ஆதாரம் இல்லாமல் நம் பத்திரிகையில் ஒரு வயதும் ஏறாது என்று எழுதினீர்கள். உங்களிடம் ஏற்கனவே இருக்கிற பட்டியலையும் பார்த்தேன். ஒரு ஜட்ஜு, ஒரு பண்டிதர், ஒரு ஜமீன்தார். மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்தே தொண்ணூறைத் தொட்டவர்கள். போகட்டும். நீங்கள் சொன்னபடி முதலில் கொடும்பாளூருக்குச் சைக்கிளில் போனேன். வழியில் இரண்டு முறை செயின் கழன்றது. தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியவர் எங்கே என்றேன். “அவுக போயி மூணு வருசம் ஆச்சுங்களே” என்றார் மகன். தொண்ணூற்று மூன்று என்று சொல்லி அனுப்பினீர்களே என்றேன். “போகையில தொண்ணூறு. அதுக்கப்பறம் மூணு வருசம் ஓடலைங்களா?” என்றார். அடுத்த வாரம் ஆவுடையார்கோவில். அங்கே ஒருவர் உயிரோடு இருந்தார், தொண்ணூறு என்றும் சொன்னார். நான் நோட்டில் எழுதி முடிக்கும்போது உள்ளேயிருந்து இன்னொருவர் வந்து, “நான் இவனுக்கு அண்ணன். எனக்கு எம்பத்திமூணுதாங்க ஆவுது. இவன் எந்த வழியா என்னைத் தாண்டிப் போனான்னு தெரியலை” என்றார். எழுதினதை அடித்துவிட்டு வந்தேன்.

இதற்குப் பிறகாவது சும்மா இருந்திருக்க வேண்டும். கண்மாய் மடை வேலைக்காக முகாம் போட்டிருக்கிற ஊரிலேயே இரண்டு பேர் இருக்கிறார்களே, சைக்கிளும் வேண்டாமே என்று நினைத்தேன். ஒருவர் குழந்தைசாமி அம்பலம். பேர்தான் குழந்தை. ஊருக்குத் தலைவராக, அம்பலமாக, நாற்பது வருஷம் இருந்தவர். ஒரு பஞ்ச வருஷத்தில் காய்ந்த நாற்று முடியைத் தலையில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு நடந்து, கச்சேரி வாசலில் மூன்று நாள் எழுந்திருக்காமல் உட்கார்ந்து, நிலத்தீர்வையைத் தள்ளுபடி பண்ணிக்கொண்டு வந்தவர். இன்னொருவர் செபமாலை உபதேசியார். சாமியார் வராத ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய் ஜெபம் சொல்லி, காலரா வருஷத்தில் ஒருத்தரும் தொடாத பிணங்களை எந்த மதம் என்று பார்க்காமல் அடக்கம் பண்ணினவர். எழுபது வயதில் தனக்கென்று ஒரு சவப்பெட்டி செய்து வைத்தார். அவசரம் என்று வந்தவனுக்கு அதைக் கொடுத்துவிட்டார். இன்னொன்று செய்தார், அதையும் கொடுத்தார். இப்போது இருப்பது மூன்றாவது. அதில் நிலக்கடலை போட்டு வைத்திருக்கிறார். “இதையும் எவனாச்சும் கேப்பான் தம்பி, அதுவரைக்கும் கடலை இருக்கட்டும்” என்கிறார். இரண்டு பேரும் எழுபது வருஷ சிநேகம். ஒரே வெற்றிலைப் பையில் கைவிடுகிறவர்கள். எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன், அதுதான் தப்பு.

அம்பலம் ஒரு ஓலையை எடுத்துக் காட்டினார். கறையான் தின்றது போக வருஷத்தின் பேர் மட்டும் மிச்சம் இருந்தது, ‘சாதாரண’ என்று. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்ப வருகிறதே, ஆகையால் ஓலைப்படி உங்களுக்குத் தொண்ணூற்றொன்று, அல்லது முப்பத்தொன்று என்று சொன்னேன். “முப்பத்தொண்ணுன்னே போடுங்க, எங்கிட்டாவது பொண்ணு பாக்கலாம்” என்றார். உபதேசியாரிடம் கோயில் புத்தகம் இருந்தது. ஞானஸ்நானம் கொடுத்த வருஷம் தெளிவாக எழுதியிருந்தது. கணக்குப்படி தொண்ணூறு. நன்றி என்று எழுந்தேன். “செத்த இருங்க தம்பி,” என்றார். “அந்தக் காலத்துல சாமியாரு மூணு வருசத்துக்கு ஒருக்காத்தான் குதிரையில வருவாரு. தண்ணி ஊத்துறப்பவே எனக்கு மூணு வயசுன்னு எங்க அப்பன் சொல்லியிருக்காரு. தொண்ணூத்திமூணு போட்டுக்கங்க.” நானும் மடையன் மாதிரிப் போட்டுக்கொண்டு, அதை அம்பலத்திடம் சாயங்காலமே சொல்லியும் விட்டேன்.

மாமா, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இந்த ஊரில் வருஷா வருஷம் கண்மாய் மடையை முதல் தண்ணீருக்குத் திறக்கிறவர் ஊரிலேயே மூத்தவர். அவர் கை பட்ட பிறகுதான் மற்றவன் கை படலாம். பதினோரு வருஷமாக அந்தக் கை அம்பலத்தின் கை. யாரும் வயதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த வருஷம் கார்த்திகையோடு மழை நின்றுவிட்டது. பயிர் பொதி கட்டி, கதிர் தள்ளப்போகிற சமயம். பழைய கல் மடையை எடுத்துவிட்டு நான் போட்ட புது இரும்பு ஷட்டர் தயார். மேலே சக்கரம், சக்கரத்தில் எந்தப் பக்கம் திருப்புவது என்று வெள்ளைப் பெயிண்டில் அம்புக்குறிகூடப் போட்டு வைத்தேன். மார்கழி எட்டாம் தேதி காலையில் மடைக்கருப்பருக்குப் பொங்கல் வைத்து, அம்பலம் வந்து சக்கரத்தில் கை வைத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்து சக்கரத்தைப் பிடித்தது. பார்த்தால் உபதேசியார்.

“கையை எடு செபமாலை” என்றார் அம்பலம். “நான் ரெண்டு வருசம் மூப்பு. நீ எடு” என்றார் இவர். “கருப்பருக்கு முன்னால ஒனக்கென்னய்யா வேலை?” என்று யாரோ கேட்டான். “கருப்பருக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லே. நான் சக்கரம் திருப்பத்தான் வந்தேன், சாமி கும்பிட வரலை” என்றார். அம்பலமே அந்த ஆளைப் பார்த்து, “நீ சும்மா இருடா, இது வயசு வழக்கு” என்று அதட்டினார். மதியம் வரை இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. ஒரு கை சக்கரத்தில், ஒரு கை கலயத்தில். நான் போய், வழக்கு அப்புறம் தீரட்டும், இப்போது நான் திறந்துவிடுகிறேன் என்று சொன்னேன். நீர்பாய்ச்சி ராக்கன், கோபமே இல்லாமல், “ஷட்டரு நீங்க போட்டதுங்க. தண்ணி எங்க ஊருது” என்றான். ஒருத்தனும் என்னை நெருங்க விடவில்லை. அவர்கள் பயிர்தான் மாமா காய்கிறது, என்னுடையது இல்லை. தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன்.

அது முதல் பொழுது விடிந்தால் இரண்டு பேரும் மடைக்கு வந்து கை வைப்பது, பொழுது சாய்ந்தால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது. பத்தாம் தேதி கிறிஸ்துமஸ். உபதேசியார் கோயிலுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அம்பலம் அன்றைக்குச் சக்கரத்தைத் தொடவே இல்லை. “அவன் இல்லாத நேரத்துல திருப்புனா அது திருட்டு” என்று வீட்டிலேயே படுத்துவிட்டார். வழக்கமாகப் பெருநாளைக்கு உபதேசியார் வீட்டிலிருந்து அம்பலத்துக்குப் பணியாரம் போகும். இந்த வருஷமும் போனது. கூடவே ‘மூத்தவன் இளையவனுக்குக் கொடுத்தது’ என்ற சேதியும் போனது. அம்பலம் பணியாரம் அத்தனையையும் தின்றுவிட்டு, வெறும் சட்டியை ‘மூத்தவன் ஆசீர்வாதம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். சிரிக்காதீர்கள். அன்றைக்கு நான் வரப்பில் போய்ப் பார்த்தேன். மேட்டு வயலில் நெற்பயிரின் தாள் சுருள ஆரம்பித்திருந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. பதின்மூன்றாம் தேதி கரையிலே மடக்கு மேசையைப் போட்டு ஒரு விசாரணை வைத்தேன். ஒரு உயரத்தை நிச்சயம் பண்ண மூன்று தடவை மட்டம் பார்ப்போம் இல்லையா, அதுபோல இரண்டு பேரில் மூத்தவர் யார் என்பதற்கு மூன்று தனித்தனி ஆதாரம் வேண்டும் என்று அறிவித்தேன். முதலில் பல்லை எண்ணினேன். அம்பலத்துக்குப் பதினொன்று, உபதேசியாருக்கு நான்கு. “பாத்தீங்களா, யாருக்கு மூப்புன்னு” என்றார் இவர். “அவன் வெத்தலைக்குச் சுண்ணாம்பு சாஸ்தி போடுறவன், அதுல போன பல்லு” என்றார் அவர். பிறகு வெள்ளம். தான் பிறந்த அன்றைக்குக் கண்மாய் நிறைந்து கலுங்கு தாண்டிப் போனது என்று அம்பலம் சத்தியம் பண்ணினார். அந்தக் கலுங்கு போன வெள்ளத்தில் தன்னை அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள் என்று உபதேசியார் சத்தியம் பண்ணினார். மூன்றாவது ஆதாரத்துக்கு ஆள் இல்லை. அவர்களைவிட மூத்தவர் இருந்தால்தானே சாட்சி சொல்ல முடியும்?

காத்தாயியிடம் அன்று காலையிலேயே கேட்டிருந்தேன். செங்கமலத்தின் வயிற்றைப் பார்க்க அவள் தினமும் எங்கள் வீட்டுக்கு வருவாள். “எனக்கு அறுவதுங்க தம்பி. அவுக ரெண்டு பேரும் எனக்கு அப்பன் வயசு. நான் என்னத்தைக் கண்டேன்?” என்று சொல்லிவிட்டு எண்ணெயைச் சூடு பண்ணப் போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன். விசாரணை நடக்கும்போது அவள் பக்கத்து ஊரில் ஒரு பிரசவத்தை முடித்துவிட்டு, மூட்டையை இடுக்கிக்கொண்டு கரை வழியாக வந்தாள். நின்றாள். கீழே வயலில் இறங்கி ஒரு தாளைக் கிள்ளி விரலில் சுருட்டிப் பார்த்தாள். மேலே ஏறி வந்து கொஞ்ச நேரம் கேட்டாள். உபதேசியார் மறுபடியும் இடுப்பில் ஓடின கதையை ஆரம்பித்தார்.

“அடேய் செபமாலை!” என்று ஒரு சத்தம். “அடேய் குழந்தை! கையை எடுங்கடா ரெண்டு பேரும்!”

மாமா, அம்பலத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆட்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. காத்தாயி அவர் தெருவில் போகும்போது முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஓரமாக நிற்கிறவள், ‘அம்பலகாரவுக’ என்று தவிர வேறு சொல் அவள் வாயில் வந்ததில்லை. அவள் ‘அடேய்’ என்கிறாள். இரண்டு பேரும் சக்கரத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

“மூணு வயசாம்ல, மூணு வயசு!” என்று உபதேசியாரைப் பிடித்தாள். “நீ பொறந்தது இவனுக்கு அடுத்த வருசம் மாசி மாசம். தண்ணி ஊத்துனப்ப ஒனக்குத் தலையே நிக்கலை. பொறந்து அழுவாமக் கெடந்தே. பேறு பாத்த எங்க ஆத்தா ஒன்னையத் தலைகீழாப் புடிச்சுக் குண்டியில நாலு வச்ச பெறவுதான் வாயைத் தொறந்தே. அன்னைக்குத் தொறந்தவன் இன்னும் மூடலை!” அம்பலம் சிரிக்க ஆரம்பித்தார். “நீ என்னடா சிரிக்கிறே? கலுங்கு போன அன்னைக்குக் கழுத்துல கொடி சுத்திக்கிட்டு, கத்திரிக்கா நெறத்துல வந்து விழுந்தவன்தானே நீ? ஒங்க அப்பன் குழி வெட்டவே போயிட்டான். எண்ணெக் கிண்ணத்தை ஏந்திக்கிட்டு நின்னவ நானு. ரெண்டு பேரையும் எங்க ஆத்தா மொத மொதல்ல என் மடியிலதான்டா போட்டா. நீ வந்தப்ப எனக்கு அஞ்சு வயசு. கை கடுக்கக் கடுக்க வச்சுக்கிட்டு இருந்தேன், இப்பப் பயிரைக் காயப்போட்டுட்டு மூப்புக்கு அடிச்சுக்கிறீகளா?”

ராக்கன்தான் மெதுவாக, “அப்ப ஆத்தா, ஊருல மூத்தது நீயில்ல?” என்று கேட்டான்.

கிழவிக்கு அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று புரிந்தது. கூட்டத்தில் பெண்கள் நின்றிருந்தார்கள், அதில் இரண்டு பேர் பிள்ளைத்தாய்ச்சிகள். அவர்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், நான் பென்சிலும் கையுமாக நின்றேன். வயலைப் பார்த்தாள். இல்லை, வாய் தவறிச் சொல்லிவிட்டேன், எனக்கு அறுபது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே ஒத்துக்கொண்டிருக்கும். “ஆமாடா, நான்தான். தள்ளு” என்றாள். மூட்டையை ராக்கன் கையில் கொடுத்தாள். சக்கரத்தைப் பிடித்தாள். அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கமாகத்தான் முதலில் திருப்பினாள், அதைச் சொன்னேன், உடனே சரியாகத் திருப்பினாள். பதினாறு சுற்று. ஷட்டரின் கீழே தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஒரு கசிவு இல்லை. என் வேலையைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனால் ஒரு கசிவு இல்லை. கிழவர்கள் இரண்டு பேரும் வாய்க்காலோடு சேர்ந்து நடந்து போனார்கள். “கத்திரிக்கா நெறமாம்ல?” என்று ஒருவர் கேட்பதும், “ஒன்னையத் தலைகீழாத் தொங்கவிட்டாகளாம்ல?” என்று மற்றவர் கேட்பதும் ரொம்ப தூரம் கேட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கட்டுரை. மறுநாள் காலை அழகம்மாள் சாணி தெளித்துக்கொண்டே விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். தொண்ணூற்றொன்றும் ஐந்தும் தொண்ணூற்றாறு என்று வந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். “நான் வாக்கப்பட்டு வந்தப்பவும் அவளுக்கு அறுவது, என் மகனை எடுத்தப்பவும் அறுவது. ஒருத்தரும் எண்ணாம விட்டுப்புட்டோமே! தொண்ணூத்தாறு வயசுக் கையிலயா என் மருமவளைக் குடுப்பேன்? கை நடுங்காது? கண்ணு தெரியுமா?” என்றாள். நேற்று வரை நடுங்காத கை, நேற்று வரை தெரிந்த கண், ஒரு எண்ணைச் சொன்னதும் ராத்திரியோடு கெட்டுவிடுமா என்று கேட்டேன். “நீங்க சும்மா இருங்க தம்பி, எண்ணிக் குடுத்ததே நீங்கதானே” என்றாள். காத்தாயி வழக்கம்போல வந்தாள். இனிமேல் வரவேண்டாம், டவுனிலிருந்து நர்ஸம்மாவைக் கூட்டிவரப்போகிறோம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரத்துக்குள் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற மற்ற இரண்டு வீட்டிலும் அதையே சொல்லிவிட்டார்கள். மூன்று வீட்டுக்கும் அவள் திறந்துவிட்ட தண்ணீர் பாய்கிற வயல் இருக்கிறது.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. “வாங்க ஓவர்சியர் தம்பி. கணக்கு சரியா வந்துச்சா?” என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை மாமா, நிஜமாகவே கேட்டாள். எனக்குக் கணக்கு சரியாக வந்ததா இல்லையா என்ற கவலையோடு கேட்டாள். வந்தது ஆத்தா என்றேன். “அது போதும், நீங்க படிச்ச புள்ளை” என்றாள். எனக்கு வெல்லமும் தண்ணீரும் கொடுத்தாள். செங்கமலத்துக்குப் பிள்ளை கொஞ்சம் குறுக்கே கிடக்கிறது, தினமும் எண்ணெய் போட்டு இடப்பக்கம் சாய்த்துப் படுக்கச் சொல்லுங்கள், நான் சொன்னேன் என்று சொல்லவேண்டாம் என்றாள்.

ஆகையால் மறுபடியும் கேட்கிறேன். வயது அறுபது. அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று என்று நிஜம் மாதிரி ஜோடிக்க வேண்டாம், முழுசாக அறுபது என்றே இருக்கட்டும், அவள் சொன்னது அதுதான். அம்பலத்துக்குத் தொண்ணூற்றொன்று, உபதேசியாருக்குத் தொண்ணூறு, இவை இரண்டும் ஆதாரத்தோடு சரி. பொய்யை அச்சடித்த பாவம் உங்களுக்கு வேண்டாம், எனக்கே சேரட்டும். ஆதாரம் கேட்டால் என் கையெழுத்தைப் போடுங்கள். கொத்தனார் வேலையில் பிசகு இருந்தால் பூசி மறைக்கிறவனைக் கண்டபடி திட்டுகிறவன் நான், இனிமேல் அவனை எந்த முகத்தோடு திட்டப்போகிறேனோ தெரியவில்லை.

அத்தை சமையலுக்கு என் வணக்கத்தையும், அத்தைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலான வணக்கத்தையும் சொல்லவும். தங்கள் பத்திரிகைக்குக் காகிதம் தட்டுப்பாடில்லாமல் கிடைத்து, சந்தாதாரர்கள் பெருகி, தாங்களும் ஒரு நாள் அந்தத் தொண்ணூறுப் பகுதியிலேயே இடம்பெற்று, அந்த வயதை வேறு யாராவது சரிபார்க்க வேண்டும் என்று பிரார்த்திக்கும்,

மருமகன்,
ரெங்கராஜ்.

பின்குறிப்பு. மார்கழி 22. மேலே எழுதினது எதையும் அச்சடிக்க வேண்டாம். தபால்காரன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறவன், இந்த முறை அதுவும் வரவில்லை, அதனால் கடிதம் என்னிடமே தங்கிவிட்டது. முந்தாநாள் காலை பத்து மணிக்கெல்லாம் செங்கமலத்துக்கு வலி வந்துவிட்டது, நாள் இன்னும் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே. அவள் புருஷன் நர்ஸம்மாவைக் கூட்டிவர வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனான். பதினொன்றரைக்குள் செங்கமலம், “காத்தாயி ஆத்தாளைக் கூப்பிடுங்க” என்று கத்த ஆரம்பித்தாள். “தொண்ணூத்தாறு வயசுடி அவளுக்கு!” என்றாள் அழகம்மாள். “வயசா பெறப்போவுது? நாந்தானே பெறப்போறேன்! கூப்பிடுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் நான் யாரையும் கேட்காமல் சைக்கிளை எடுத்துவிட்டேன். கிழவியைப் பின்னால் கேரியரில் உட்கார்த்தினேன். பிரேக் சரியாகப் பிடிக்காது ஆத்தா என்றேன். “புடிக்க வேணாம், ஓட்டுங்க” என்றாள்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பையன். குறுக்கே கிடந்தவனைத் திருப்பி எடுத்திருக்கிறாள். வண்டி வந்து சேர்ந்தபோது நர்ஸம்மா கையைக் கழுவிக்கொண்டு, பிள்ளையைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லி, காபி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சேதி கேட்டு அம்பலமும் உபதேசியாரும் வந்து வாசலில் நின்றார்கள். இரண்டு பேரும் தடி இல்லாமல், நிமிர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டு. அழகம்மாள் அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, “ஏ காத்தாயி, இவுக ரெண்டு பேரையும் மொதல்ல ஒன் மடியிலதானே போட்டாக?” என்று கேட்டாள். ஆமாம் என்றாள் கிழவி. அழகம்மாள் பேரனைத் தூக்கிக் கிழவி மடியில் போட்டாள். கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொன்னாள். கை கடுத்தால் பரவாயில்லை, வைத்திரு என்றாள்.

அவ்வளவுதான். காத்தாயி மடி பட்டால் தொண்ணூறு நிச்சயம் என்று ஊர் முடிவு பண்ணிவிட்டது. இரண்டு சாட்சியும் தெருவில் நடமாடுகிறதே. இது எப்படி நிரூபணம் ஆகும், மடியில் போட்ட மற்ற பிள்ளைகள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று ஒரு கணக்கு எடுக்க வேண்டாமா என்று நான் சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று சொன்ன இரண்டு வீட்டிலிருந்தும் வெற்றிலை பாக்கோடு வந்து கூப்பிட்டுவிட்டார்கள். இன்று காலை வல்லத்திராக்கோட்டையிலிருந்து இரண்டு வண்டி வந்திருக்கிறது. பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆனவர்கள்கூட மடியில் போட்டு எடுக்கத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ராக்கனுக்கு நாற்பத்தைந்து வயது, அவனும் போய், “எனக்கும் ஒரு செத்த ஆத்தா” என்று மடியில் தலை வைக்கப் பார்த்திருக்கிறான். விளக்குமாற்றால் விரட்டினாளாம்.

ஆகவே அறுபது என்று போட்டால் இப்போது அவள் பிழைப்பில் மண் விழும். உள்ளதைப் போடுங்கள், தொண்ணூற்றாறு என்று எழுதலாமா என்று கேட்க அவளிடம் போனேன். வரிசையில் நின்றுதான் பார்க்க முடிந்தது. “நூத்தி ஒண்ணுன்னு போடுங்க தம்பி” என்றாள்.

தொண்ணூற்றாறுதான் ஆத்தா, நான் சரிபார்த்துவிட்டேன் என்றேன்.

“நான் பொறந்தப்ப நீங்க பக்கத்துல இருந்தீகளா?” என்று கேட்டாள்.

நூற்றி ஒன்று என்றே போடுங்கள்.